பாடக்குறிப்பின் முதல் வரி

அன்புள்ள தம்பிக்கு,

வேதாரண்யத்துக்கு அருகே உப்பளத் தொழிலாளர் வாழும் கிராமமொன்றின் பள்ளிக்கு நியமனம் பெற்றிருப்பதையும், பணியில் சேருமுன்னரே ஐந்தாம் வகுப்புக்கு ஒரு மாதப் பாடக்குறிப்புகளை எழுதி முடித்துவிட்டதையும் தெரிவித்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. உன் சிரத்தை எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. ஆயினும், எந்தக் குழந்தைகளுக்காக அக்குறிப்புகளை எழுதினாயோ அவர்களுடைய முகங்களை நீ இன்னும் பார்க்கவில்லை என்பதை எண்ணும்போது, அதே பிராந்தியத்தில் நான் உபாத்தியாயனாக அடியெடுத்து வைத்த நாட்களில் செய்த பிழையொன்றை ஒளிக்காமல் உனக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

பள்ளி திறந்த முதல் வாரத்தில், 'கோடை விடுமுறையில் நான் சென்ற ஊர்' என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். மாணவரின் முன்னறிவில் தொடங்கிப் புதிய அறிவுக்குச் செல்ல வேண்டும் என்று பயிற்சிப் பள்ளியில் கற்பித்த விதிக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு கிடையாது என்பது என் நம்பிக்கை. பெரும்பாலோர் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு பெண் மட்டும் வெற்றுத்தாளை நீட்டினாள். சோம்பல் என்று கருதி அவளை வகுப்பின் முன் நிற்க வைத்தேன். கோடை என்பது அளத்தில் உப்பு விளையும் காலமென்பதும், வெயில் ஏறுவதற்குள் வேலையைத் தொடங்கவென்று பொழுது புலருமுன்பே பெற்றோர் பாத்திக்குச் சென்றுவிட, அடுப்பையும் கைக்குழந்தையையும் காத்துக்கொண்டே அச்சிறுமி விடுமுறை முழுவதையும் கழித்தாள் என்பதும் சில நாட்கள் சென்ற பின்பே எனக்குத் தெரியவந்தன. போகாத ஊரைப் பற்றிப் பொய்யெழுத மனம் ஒப்பாத நேர்மையையே நான் தண்டித்திருந்தேன்.

அடுத்த மாதம், உப்பு எவ்வாறு விளைகிறது என்று எழுதச் சொன்னபோது, அதே பெண் இரண்டு பக்கம் எழுதினாள். அன்றிலிருந்து என் பாடத்திட்டம் மாறியது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன என்றால், ஒரு கிலோவுக்கு எத்தனை லிட்டர் நீர் வற்ற வேண்டும் என்பது வகுத்தல் கணக்காயிற்று. வெயில் எதைக் கொண்டுபோய் எதை விட்டுச் செல்கிறது என்பது ஆவியாதலைப் பற்றிய விஞ்ஞானப் பாடமாயிற்று. 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் திருச்சிராப்பள்ளியிலிருந்து ராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் நடந்து வந்து, 30ஆம் நாள் வேதாரண்யத்தில் உப்பு அள்ளிச் சட்டத்தை மீறிய வரலாறு, தங்கள் தாய்தந்தையர் நாள்தோறும் வாரும் அந்த வெண்பொருளின் கதையாகவே அக்குழந்தைகளுக்கு விளங்கிற்று.

பவணந்தி முனிவர் நன்னூலில், கற்போன் எம்முறையில் ஏற்பான் என்பதை உணர்ந்தே கற்பிக்க வேண்டும் என்று விதித்திருப்பதை நீ படித்திருப்பாய். அதே நூல் கடை மாணாக்கரை ஓட்டைக் குடமாகிய இல்லிக்குடத்துக்கும் ஒப்பிடுகிறது. சொன்னதெல்லாம் ஒழுகிப்போகும் குழந்தையைக் காணும்போது அந்த உவமையை நீயும் நினைப்பாய். அப்போது, குடத்தில் துளையிட்டது எது, பசியா, உறக்கமின்மையா, நேற்றிரவு வீட்டில் நிகழ்ந்த சச்சரவா, முன்னொரு வகுப்பில் பட்ட அவமானமா என்று விசாரித்தறிந்த பிறகே நீரை வார்க்கத் தொடங்கு.

மனித மனத்தின் தேவைகளை ஆராய்ந்த ஆபிரகாம் மாஸ்லோ என்ற அமெரிக்க உளவியலறிஞர், 1943இல் வெளியிட்ட கட்டுரையில், உணவு முதலிய உடற்தேவைகளுக்கு மேலே பாதுகாப்பையும், அதற்கு மேலே அன்பையும், அதற்கும் மேலே மதிப்பையும் வரிசைப்படுத்தினார். முதற்படியை நம் நாட்டில் அரசு ஏற்றுக்கொண்டது. காமராசர் 1956இல் விரிவாகத் தொடங்கிய மதிய உணவும், எம்.ஜி.ஆர். 1982இல் கொணர்ந்த சத்துணவும், 2022இல் மதுரையில் தொடங்கிய காலை உணவும் அதற்குச் சாட்சி. ஆனால் அச்சமின்மையையும் அன்பையும் மதிப்பையும் எந்தச் சமையற்கூடத்திலும் ஆக்கிப் பரிமாற இயலாது; அவை வகுப்பறையில், உன் குரலிலும் பார்வையிலும் கிடைக்காவிட்டால் அக்குழந்தைகளுக்கு வேறெங்கும் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

ஆகையால், தகப்பனாரின் தொழிலையோ சாதியையோ பலர் முன்னிலையில் கேளாதே; பதிவேட்டுக்கு வேண்டுமென்றால் தனியே அழைத்து மெல்லக் கேள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழையால் அளத்தில் வேலை நின்று வீடுகளில் காசு அருகிப்போகும். வண்ணத்தாளும் அட்டையும் வாங்கி வரச் சொல்லும் செயல்முறைகளை அப்போது வைக்காமல், கிளிஞ்சலும் களிமண்ணும் கொண்டு முடியக்கூடியவற்றை வை. வீட்டுப்பாடம் எழுத விளக்கும் இடமும் இல்லாதவர்க்கு, பள்ளி விடுமுன் அரைமணி நேரம் ஒதுக்கிக் கொடு.

இதற்கு நேரெதிரான பிழையும் ஒன்றுண்டு, தம்பி. குழந்தையின் பின்னணியை அறிந்த ஆசிரியன், அதையே வேலியாக்கி, உப்பளத்துப் பிள்ளைக்கு உப்புக் கணக்கு போதும் என்று இரக்கத்தின் பெயரால் தீர்மானித்துவிடுவானாயின், அது அலட்சியத்தினும் கொடிய அநீதியாகும். பாத்தியில் தொடங்கும் பாடம் வேதியியலுக்கும் கவிதைக்கும் நட்சத்திர மண்டலங்களுக்கும் அவர்களை அழைத்துச் செல்ல வேண்டும். அவர்கள் நிற்கும் இடத்தை அறிவது, அங்கிருந்து கைப்பிடித்து அழைத்துப் போவதற்காகவே.

எழுதிய குறிப்புகளைக் கிழித்துவிடாதே. அவற்றில் உன் உழைப்பு இருக்கிறது. ஒவ்வொன்றிலும் 'முன்னறிவு' என்ற தலைப்பின் கீழ் எழுதியிருப்பதை மட்டும் அழித்துவிட்டு, அந்த வரியை வெறுமையாக வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போ. முதல் வாரத்தில் மாலைதோறும் ஒரு தெருவில் நடந்து, திண்ணையில் அமரச் சொன்னால் அமர்ந்து, கொடுக்கும் தண்ணீரை வாங்கிக் குடித்து, அங்குள்ளோர் பேசுவதைக் கேள். அதன் பிறகு அந்த வரியை எழுது.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் மூத்த ஆசிரியன்