வளைவுக்கு அப்பால் ஓர் எச்சரிக்கை

தென்காசியிலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில் புளியரை 'எஸ்' வளைவை நாம் அறிவோம். 2024 பிப்ரவரி 25 அதிகாலை, அங்கே ஒரு லாரி கீழிருந்த இருப்புப்பாதையில் விழுந்தது. அருகில் வாழ்ந்த முதிய தம்பதியர் டார்ச் விளக்குடன் ஓடி, வந்துகொண்டிருந்த இரயிலை நிறுத்தினர்.

அவ்விளக்கு ஆற்றிய பணியைக் கம்பியில்லாத் தொடர்பு சாலையிலும் ஆற்ற வல்லது. ஊர்தி தன் இடத்தையும் வேகத்தையும் நொடிக்குப் பத்து முறை வானலையில் அறிவிக்கும். சாலையோரக் கருவி அதனைப் பெற்று, வளைவுக்கு அப்பால் வருவோர்க்கு உரைக்கும். இதற்கென அமெரிக்கா 1999இல் 5.9 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையில் இடம் ஒதுக்கியது. நம் ஊர்திகளிலுள்ள ஃபாஸ்டேக் வில்லையோ கட்டணம் செலுத்தவே பயன்படுகிறது.

சாரல் பார்வையை மறைக்கும் குற்றாலச் சாலைகளுக்கும் இக்கருவி வேண்டும். ஆயினும், எச்சரிக்கையைக் கேட்டு வேகத்தைக் குறைக்கும் பொறுப்பு நம்முடையதே.