நாலாவது இலக்கத்தை அணைத்துவிடு



நாட்டுக்கோழி முட்டைக்காக நீ செய்த இன்குபேட்டரின் சர்க்யூட்டும் புரோகிராமும் படங்களும் கிடைத்தன. பெட்டி, பல்பு, ஃபேன், ரிலே பற்றி நான் சொல்ல எதுவுமில்லை. அந்த வேலையெல்லாம் உனக்கு நன்றாகவே வருகிறது. என் கண் போய் நின்றது பெட்டியின் முகப்பில் நீ பதித்திருக்கிற நாலு இலக்க டிஸ்ப்ளேயில்தான். முதல் படத்தில் 37.44. அடுத்த படத்தில் 37.56. பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

நீ போட்டிருப்பது டிஎஸ்18பி20 சென்சார். அரை டிகிரி கூடக் குறைய இருக்கலாம் என்றுதான் அதைத் தயாரித்தவர்களே டேட்டாஷீட்டில் உத்தரவாதம் தருகிறார்கள். உன் பெட்டி 37.44 என்று சொல்லும்போது உள்ளே 37-ஆகவும் இருக்கலாம், 38-ஐ ஒட்டியும் இருக்கலாம். அப்படியிருக்க, அந்தக் கடைசி 4 எங்கிருந்து வந்தது? அந்தச் சென்சார் ஒரு டிகிரியைப் பதினாறாகப் பிரித்து, படிப்படியாகத்தான் ஏறி இறங்கும்: 37.4375, 37.5, 37.5625. உன் புரோகிராம் அதை இரண்டு தசமத்துக்குச் சுருக்கிக் காட்டுகிறது. உன் டிஸ்ப்ளேயில் 37.47 என்ற எண் ஒருநாளும் வராது, கவனித்தாயா? சூட்டைப் பற்றி அந்த இலக்கத்துக்கு ஒன்றும் தெரியாது. வகுத்தலில் மிஞ்சியது அங்கே போய் எரிகிறது, அவ்வளவுதான்.

இதைப் பார்க்கப்போவது நீயாக இருந்தால் விட்டுவிடுவேன். முட்டைகளைத் திருப்பி வைப்பதும் தண்ணீர் ஊற்றுவதும் அம்மாதான் என்று எழுதியிருக்கிறாய். காலையில் 37.56, அடுப்படிக்குப் போய்வந்தால் 37.44. சூடு இறங்குகிறதே என்று அவர் பதறுவார், பல்பைக் கூட்டச் சொல்வார். உள்ளே ஒன்றுமே நடந்திருக்காது. சென்சார் இரண்டு படி இறங்கியிருக்கும். 21 நாள் இப்படி ஒருவரைப் பதற வைப்பதற்கா இவ்வளவு பாடுபட்டாய்? நீ எரியவிடுகிற ஒவ்வோர் இலக்கத்துக்கும் நீ ஜாமீன் நிற்கிறாய், தம்பி. நிற்க முடியாத இலக்கத்தை எரியவிடாதே.

நான் இந்தப் பாடம் படித்தது ஃப்ரீக்வென்சி கவுண்டரில். அப்போது நாங்கள் அதை 7490, 7475, 7447 என்று மூன்று ஐசிகளை வரிசையாக வைத்துக் கட்டுவோம். ஓர் இலக்கத்துக்கு மூன்று ஐசி, ஏழு ரெசிஸ்டர், ஒரு எஃப்என்டி507 டிஸ்ப்ளே. ஆறு இலக்கம் வேண்டுமென்றால் இத்தனையும் ஆறு மடங்கு. சம்பளம் வந்த வாரம் ரிச்சி தெருவுக்குப் போய் ஓர் இலக்கத்துக்கான சாமானை வாங்கிவருவேன், அடுத்த மாதம் அடுத்த இலக்கம். அதனால் ஒவ்வோர் இலக்கத்தின் விலையும் எங்களுக்குத் தெரியும். இது உண்மையில் வேண்டுமா என்று கேட்காமல் யாரும் இன்னொன்றைச் சேர்க்க மாட்டோம்.

அந்த மூன்றில் நடுவில் இருக்கிற 7475-ஐ நினைத்துப்பார். 7490 எண்ணும், 7447 அதை ஏழு கோடாக மாற்றும். எண்ணிக்கொண்டிருக்கும்போது இலக்கங்கள் கண்மண் தெரியாமல் ஓடும்; அந்த ஓட்டம் கண்ணுக்குத் தெரியாதபடி பழைய எண்ணை அசையாமல் பிடித்துவைப்பதுதான் 7475-இன் வேலை. எண் ஒரு கணமாவது நிற்க வேண்டும், மனிதன் அதைப் படிக்க வேண்டும் என்பதற்காகவே காசு கொடுத்து ஒரு ஐசி வாங்கினோம். உனக்கு அது புரோகிராமில் நாலு வரி. ஆனாலும் நீ எழுதவில்லை. சென்சார் முக்கால் நொடிக்கு ஒருமுறை கொடுப்பதை அப்படியே தூக்கி டிஸ்ப்ளேயில் போடுகிறாய். எட்டுப் பத்து அளவுகளைச் சராசரி எடு. சராசரி பாதிப் படிக்கு மேல் நகர்ந்தால் மட்டும் எண்ணை மாற்று. பெட்டிக்குள் சூடு மெதுவாகத்தான் மாறும், எண்ணும் மெதுவாக மாறட்டும்.

அப்புறம் இன்னொன்று தெரிந்துகொண்டோம். அந்தக் கவுண்டரில் கடைசி இலக்கம் எப்போதும் ஒன்று கூடும், ஒன்று குறையும். சர்க்யூட்டில் பழுது கிடையாது. கேட் திறக்கிற நேரமும் உள்ளே வருகிற துடிப்பும் ஒன்றோடொன்று சேராமல் போவதால் வருவது அது. நல்ல மல்டிமீட்டரின் கையேட்டில் இத்தனை சதவிகிதம், அதோடு இத்தனை டிஜிட் என்று பிழையை இரண்டாகப் பிரித்துப் போட்டிருப்பார்கள். அந்தக் காகிதத்தை யாரும் படிப்பதில்லை. நீயாவது எடுத்துப் படி.

சரி, இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். இதில் எனக்குக் கோபமே வந்தது. நாலு இலக்கத்தின் நாலு காமன் கால்களிலும் ஆளுக்கொரு 220 ஓம் ரெசிஸ்டர் போட்டிருக்கிறாய். செக்மென்ட் கால்களில் ஒன்றுமில்லை. நாலு ரெசிஸ்டர் மிச்சம் பிடித்தாய். என்ன ஆகிறது தெரியுமா? அந்த 220 ஓம் வழியாக ஏறத்தாழ 13 மில்லிஆம்ப்தான் போக முடியும். 1 எரியும்போது இரண்டு கோடுகள் அதைப் பங்குபோடுகின்றன, கோட்டுக்கு ஆறு மில்லிஆம்புக்கு மேல் கிடைக்கிறது. 8 எரியும்போது ஏழு கோடுகள் பங்குபோடுகின்றன, கோட்டுக்கு இரண்டுகூடத் தேறவில்லை. அதனால் 1 பளிச்சென்று நிற்கிறது, 8 மங்கிப்போகிறது.

இன்குபேட்டரில் இது அழகுக் குறைச்சல் மட்டுமா? 37.1 என்றால் 1 கண்ணைப் பறிக்கும். சூடு ஏறி 38.8 ஆகி, முட்டைக்குள் இருக்கிற உயிருக்கே ஆபத்து என்கிற நேரத்தில், உன் டிஸ்ப்ளே இருப்பதிலேயே மங்கலாக இருக்கும். பார்க்க வேண்டிய நேரத்தில் பார்க்க முடியாதபடி செய்து வைத்திருக்கிறாய். ரெசிஸ்டரைச் செக்மென்ட் பக்கம் போடு, புள்ளிக்கும் சேர்த்து எட்டு. 330 ஓம் போதும், கோட்டுக்கு எட்டு மில்லிஆம்ப் அளவில் வரும். அதற்குக் கீழே இறக்காதே. செக்மென்ட்களை ஓட்டுகிற 74எச்சி595 ஐசி முழுதாகச் சேர்த்து 70 மில்லிஆம்ப்தான் தாங்கும். எட்டும் எரிந்தால் 64, வரம்புக்குள் நிற்கும். அந்த 64-உம் ஒரே காமன் கால் வழியாகத்தான் இறங்கும் என்பதால் அங்கே இருக்கிற பிசி547 டிரான்சிஸ்டரைக் கழற்றிவிட்டு பிசி337 வை. 547 தாங்கும்தான், ஆனால் அதன் எல்லை 100. வைகாசி வெயிலில் மூடிய பெட்டிக்குள் எதையும் எல்லைக்குப் பக்கத்தில் ஓட்டுவது எனக்குப் பிடிக்காது.

இவ்வளவு திட்டியாயிற்று. இனி சொல்வதையும் அதே அளவுக்கு மனசாரச் சொல்கிறேன். கடையில் டிஎம்1637 போட்ட ரெடிமேட் போர்டு கிடைக்கிறது, நாலு வயர் கொடுத்தால் எரிந்துவிடும். நீ அதை வாங்கவில்லை. வெறும் டிஸ்ப்ளேயை வாங்கி, ஒவ்வோர் இலக்கமாக நீயே ஓட்டியிருக்கிறாய். ஓர் இலக்கத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும்முன் செக்மென்ட்களை ஒருகணம் முழுதாக அணைக்கிறாய் பார், அந்த ஒரு வரியைப் படித்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அதைச் செய்யாதவர்களின் டிஸ்ப்ளேயில் பக்கத்து எண்ணின் நிழல் லேசாகப் படிந்தே இருக்கும். ஏன் என்று வருஷக்கணக்காகத் தெரியாமல் இருப்பவர்கள் உண்டு. உன் வயதில் இதைத் தானாகக் கண்டுபிடித்தவனை நான் பார்த்ததில்லை. இன்னொன்று, உன் 6-க்கு மேல்கோடும் 9-க்குக் கீழ்கோடும் இருக்கின்றன. 7447 கொடுக்கிற 6 மொட்டையாக இருக்கும், 9-உம் அப்படித்தான். அந்த மொட்டை 6-ஐ நான் ஆயுசு முழுக்க வெறுத்திருக்கிறேன். உன் புரோகிராமின் எண் பட்டியலில் முழு 6-ஐப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

அடுத்த முறை ஓஎல்இடி திரை போடலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறாய். வேண்டாம். 1972-இல் வந்த எச்பி-35 கால்குலேட்டரைப் படத்திலாவது பார்த்திருப்பாய். 15 இலக்கம், எல்லாம் சிவப்பு எல்இடி. அந்தக் காலத்தில் அந்த எல்இடிப் பொருள் விலை அதிகம். அதனால் எண்ணைப் பொடியாகச் செய்து, ஒவ்வோர் எண்ணின் மேலும் ஒரு சின்ன லென்ஸை வார்த்தார்கள். பழுதான கால்குலேட்டர்களிலிருந்து அந்தக் குமிழ் டிஸ்ப்ளேக்களைக் கழற்றி எடுத்து நான் வைத்திருக்கிறேன். ஒரு மில்லிஆம்ப் கொடுத்தால் போதும், இன்றும் கூர்மையாக எரிகின்றன. இருட்டு அறையில் சிவப்பு எண் கண்ணைக் கூசவைக்காது, தூக்கக் கலக்கத்தில் எழுந்து வருகிறவரும் படித்துவிடலாம். ஓஎல்இடியில் படம் வரையலாம், கிராஃப் போடலாம், ஆனால் நாள்கணக்கில் ஒரே எண்ணை ஒரே இடத்தில் காட்டினால் அந்த இடத்துப் புள்ளிகள் மட்டும் தேய்ந்து மங்கும். இன்குபேட்டர் செய்வது முழுக்க அந்த வேலைதான். உன் அம்மாவுக்குத் தெரிய வேண்டியது ஒரே ஓர் எண். அதற்கு இந்த 0.36 அங்குலச் சிவப்பைவிடப் பொருத்தமானது கிடையாது.

ஆகவே செய்ய வேண்டியது இது. முதலில் வீட்டில் காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரை எடு. உனக்கு வேண்டிய 37.5 அதன் அளவுகோலுக்குள்ளேயே இருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் அதையும் சென்சாரையும் ஒன்றாகக் கட்டிவிட்டு, தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இரண்டையும் படி. கண்ணாடித் தெர்மாமீட்டர் என்றால் உச்சத்திலேயே நின்றுவிடும், ஒவ்வொரு தடவையும் உதறிவிட்டுத்தான் வைக்க வேண்டும். எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்துப் புரோகிராமில் கழி. அப்புறம் ஒரு தசமத்துக்கு நீ ஜாமீன் நிற்கலாம்: 37.5. காலியாகிற நாலாவது இடத்தில் எண் வேண்டாம், பல்பு எரியும்போது அதன் புள்ளி மட்டும் எரியட்டும். எண் ஏன் ஏறுகிறது என்று அம்மாவுக்கு அதிலேயே விளங்கிவிடும்.

ரெசிஸ்டர்களை மாற்றிய பிறகு 38.8 என்று ஒருமுறை வேண்டுமென்றே எரியவிட்டு, அறையின் மறுகோடியிலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்பு. பழைய படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.