ஒன்றுக்கு மேல் போனால் 'எஸ்' மட்டும் போதுமா?



கடலை மிட்டாய் செய்யும் நம் குழு ஒன்றுக்கு லேபிள் வாசகத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன். அவசரத்தில் 'கேண்டி' என்ற சொல்லோடு ஒரு எஸ் மட்டும் சேர்த்து, சி-ஏ-என்-டி-ஒய்-எஸ் என்று எழுதிவிட்டேன். 500 லேபிள் அச்சாகி வந்த பிறகு, ஏழாம் வகுப்பு படிக்கும் ஒரு உறுப்பினரின் மகள்தான் "அம்மா, ஸ்பெல்லிங் தப்பா இருக்கே" என்றாள். மறுபடி அச்சடிக்க வேண்டியதாயிற்று. "மேடம் எழுதினா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டோம்" என்றார் குழுத் தலைவி. தப்பு என்னுடையது, செலவு குழுப் பணம். இனி அச்சக மாதிரியை நீங்களே பார்த்துச் சரி சொல்லணும். அதுக்குத்தான் இந்தப் பாடம்.

தமிழில் எல்லாச் சொல்லும் ஒரே மாதிரியா மாறுது? பை - பைகள், மரம் - மரங்கள், பல் - பற்கள், பூ - பூக்கள். இங்கிலீஷும் அப்படித்தான். சொல்லின் கடைசி எழுத்தைப் பார்த்தால் போதும்.

1. பெரும்பாலான சொற்களுக்கு எஸ் மட்டும் போதும். பேக் - பேக்ஸ், பாஸ்கெட் - பாஸ்கெட்ஸ், கேண்டில் - கேண்டில்ஸ்.

2. கடைசியில் எஸ், எக்ஸ், எஸ்-எச், சி-எச் வந்தால் இ-எஸ் சேர்க்கணும். கிளாஸ், பாக்ஸ், பிரஷ், பன்ச் எல்லாம் இப்படி. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க: பாக்ஸ் - பாக்ஸஸ். கூடுதலாக ஒரு ஓசை கேட்குதா? அந்த ஓசைக்குத்தான் அந்த இ.

3. கடைசியில் ஒய் வந்தால் அதற்கு முந்தின எழுத்தைப் பாருங்க. ஏ, இ, ஓ, யூ என்ற உயிரெழுத்தாக இருந்தால் எஸ் மட்டும்: டாய் - டாய்ஸ், ட்ரே - ட்ரேஸ். மற்ற எழுத்தானால் ஒய்-யை எடுத்துவிட்டு ஐ-இ-எஸ் போடணும்: லேடி, பேபி, கேண்டி. நான் தவறியது இங்கேதான். சரியானது சி-ஏ-என்-டி-ஐ-இ-எஸ்.

4. லீஃப், நைஃப், ஷெல்ஃப் போன்றவற்றில் எஃப் போய் வி-இ-எஸ் வரும்: லீவ்ஸ், நைவ்ஸ், ஷெல்வ்ஸ். ஆனால் ரூஃப், சீஃப் இரண்டுக்கும் எஸ் மட்டும்தான். இதை மனப்பாடம் செய்யணும்.

5. ஓ-வில் முடியும் டொமேட்டோ, பொட்டேட்டோ இரண்டுக்கும் இ-எஸ். போட்டோவுக்கு எஸ் மட்டும். மேங்கோவுக்கு எப்படி எழுதினாலும் சரி.

6. சில சொற்கள் உள்ளேயே மாறும்: மேன் - மென், டூத் - டீத், சைல்டு - சில்ட்ரன். உமன் என்பதில் ஏ-க்குப் பதில் இ போட்டால் விமன். அதுவே பன்மை, 'பெண்கள்' என்று சொல்ல அதோடு எஸ் சேர்க்க வேண்டாம்.

7. அரிசி, சர்க்கரையை எண்ண மாட்டோம், அளப்போம். அதனால் ரைஸ், சுகர் என்றே எழுதணும். மூட்டையை எண்ணலாம், ஆகவே பேக் என்பதற்குத்தான் எஸ்.

பயிற்சி: டிஷ், பேட்டரி, கீ, லோஃப். நாலுக்கும் பன்மை எழுதுங்க.

விடை: டிஷ் - இ-எஸ், பேட்டரி - ஐ-இ-எஸ், கீ - எஸ், லோஃப் - வி-இ-எஸ்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு உங்கள் லேபிள், பில் புத்தகம், பெயர்ப் பலகை வாசகம் மூன்றையும் எடுத்து வாங்க. சேர்ந்து படிச்சுப் பார்ப்போம். என் எழுத்திலும் தப்பு இருந்தால் தயங்காமச் சொல்லுங்க.