கால்நடைத் தீனும் நற்சான்றும்

நெல்லும் மரக்கறியும் பயிரிடும் கமக்காரருக்குக் கால்நடைத் தீனைப் பற்றிய கவலை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் கமத்தைச் சற்றுச் சுற்றிப் பாருங்கள். நெல்லைக் குற்றியபின் மிஞ்சும் தவிடு, சூடடித்தபின் மிஞ்சும் வைக்கோல், மேட்டு நிலத்தில் விளையும் சோளம், சந்தைக்கு உதவாத கோவா இலை ஆகிய யாவும் ஏதோ ஒரு மாட்டின் அல்லது கோழியின் வயிற்றுக்கே செல்கின்றன. அவ்வாறே உங்கள் வீட்டுப் பசுவுக்கும் கோழிகளுக்கும் பிண்ணாக்கையும் கலப்புத் தீனையும் நீங்கள் கடையில் வாங்குகின்றீர்கள். ஆகவே, தீன் செல்லும் வழியின் தொடக்கத்தில் நிற்பவரும் நீங்களே. அதன் முடிவில் நிற்பவரும் நீங்களே.

நம்மிடையே ஒரு பழைய வழக்கம் உண்டு. மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த தானியத்தை நாம் உண்பதில்லை. ஆனால் எறிய மனமில்லாமல் மாட்டுக்குப் போடுகின்றோம், அல்லது குறைந்த விலைக்குத் தீன் வியாபாரிக்குக் கொடுத்துவிடுகின்றோம். இவ்வழக்கம் எத்துணை ஆபத்தானது என்பதையும், அதைத் தடுப்பதற்கு நற்சான்று முறை எவ்வாறு உதவுகின்றது என்பதையும் இங்கு விளக்குவோம்.

1. கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

1960 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் இறந்தன. காரணம் விளங்காமையால் அந்நோயை ‘எக்ஸ் நோய்’ என அழைத்தனர். பின்னர் ஆராய்ந்தபோது அது தொற்றுநோய் அன்று என்பதும், தீனிற் சேர்க்கப்பட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கே காரணம் என்பதும் புலனாயின. பிறேசிலிலிருந்து கப்பலில் வந்த அப்பிண்ணாக்கில் ஒருவகைப் பூஞ்சணம் வளர்ந்து நஞ்சைச் சுரந்திருந்தது. அந்நஞ்சுக்கு அப்ளாடொக்சின் என்று பெயரிட்டனர்.

இந்நஞ்சின் இயல்புகளைக் கமக்காரர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும். நன்கு உலராத சோளம், நிலக்கடலை, கொப்பறா, பிண்ணாக்கு ஆகியவற்றில், நமது நாட்டைப் போன்ற வெப்பமும் ஈரமும் உள்ள இடங்களில், இது எளிதில் உண்டாகும். இதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. பூஞ்சணத்தைத் துடைத்தெடுத்தாலும் நஞ்சு தானியத்தினுள்ளே நிற்கும். சாதாரணமாக அவிப்பதனாலும் அது அழியாது.

நஞ்சுள்ள தீனைத் தின்ற பசுவின் பாலில் ஒரு நாளுக்குள் அந்நஞ்சின் மாற்றுருவம் தோன்றுகின்றது. பாலைக் காய்ச்சினாலும் அது போவதில்லை. இது மனிதரின் ஈரலில் புற்றுநோயை உண்டாக்கவல்லது. மாட்டுக்குப் போட்ட கெட்ட சோளம், இவ்வாறு உங்கள் குழந்தையின் கிண்ணத்துக்கே திரும்பி வருகின்றது.

ஐரோப்பிய நாடுகளின் சட்டப்படி, கறவைப் பசுவின் கலப்புத் தீனில் ஒரு கிலோவுக்கு 5 மைக்கிரோகிராம் அளவுக்கு மேல் இந்நஞ்சு இருத்தலாகாது. பத்து இலட்சம் கிலோ தீனில் 5 கிராம் மாத்திரமே அனுமதி என்பது இதன் பொருள். இத்துணைச் சிறிய அளவைக் கண்ணாலோ மூக்காலோ எவரும் அறிய இயலாது. ஆகவேதான் சோதனையும் சான்றும் தேவைப்படுகின்றன.

2. பெல்ஜியம் கற்ற பாடம்

1999 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டில், தீனிற் சேர்க்கும் கொழுப்புடன் நச்சுத்தன்மையுள்ள மின்மாற்றி எண்ணெய் கலந்துவிட்டது. அக்கொழுப்பைப் பல தீன் ஆலைகள் வாங்கின. அவ்வாலைகளின் தீனைப் பல பண்ணைகள் வாங்கின. கோழிகள் நலிந்தன, முட்டைகள் பொரிக்கவில்லை. மாதங்கள் சென்ற பின்னரே, மே மாத இறுதியில், உண்மை நாட்டு மக்களுக்குத் தெரிந்தது. கோழியிறைச்சியும் முட்டையும் கடைகளிலிருந்து அகற்றப்பட்டன. அமைச்சர் இருவர் பதவி துறந்தனர். ஒருவர் செய்த தவறுக்காக, தவறே செய்யாத பண்ணையாளர் பலர் நட்டமடைந்தனர்.

இதன்பின் ஐரோப்பிய நாடுகள் ஒரு விதியை உறுதியாக வகுத்தன. தீனைக் கையாளும் ஒவ்வொருவரும், பொருளை யாரிடம் வாங்கினார், யாருக்கு விற்றார் என்பதை எழுத்தில் வைத்திருத்தல் வேண்டும் என்பதே அது. இவ்விதி 2005 ஆம் ஆண்டு தொடக்கம் நடைமுறையில் உள்ளது. கெட்ட மூடை எங்கிருந்து வந்தது, எங்கே சென்றது என்பதை விரைவாகக் கண்டுபிடிக்க இதுவே வழி.

3. நற்சான்று என்பது யாது?

நற்சான்று என்பது வெறும் முத்திரையன்று. தீன் செய்பவரும் விற்பவரும் குறித்த ஒழுங்குகளைக் கைக்கொள்கின்றனர் என்பதை, அவ்வியாபாரத்தில் இலாபம் பெறாத வேறொருவர் நேரிற் பார்த்துச் சோதித்து வழங்கும் சாட்சியமே நற்சான்று. நெதர்லாந்து நாட்டில் 1992 ஆம் ஆண்டில் தொடங்கிய ஜி.எம்.பி. முறை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. முடிந்த தீனை மாத்திரம் சோதிப்பது போதாது. மூலப்பொருள், களஞ்சியம், ஏற்றிச்செல்லும் வாகனம், ஆலை ஆகிய எல்லா இடங்களிலும் ஒழுங்கு இருத்தல் வேண்டும் என்பதே அம்முறையின் அடிப்படை.

இலங்கையில் கால்நடைத் தீவனங்களின் உற்பத்தியையும் விற்பனையையும் 1986 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகின்றது. பொருட்களின் தரத்துக்கான எஸ்.எல்.எஸ். குறியை இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் வழங்குகின்றது. பதிவு வேறு, தரச்சான்று வேறு என்பதை மறவாதீர்கள்.

சான்று ஒன்றைக் கண்டால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அதை வழங்கியவர் யார்? எந்தப் பொருளுக்கு வழங்கப்பட்டது? எத்திகதி வரை செல்லும்? இன்னுமொன்று: ஆலையில் நல்லதாக இருந்த தீன், உங்கள் கொட்டிலில் நனைந்தால் கெட்டுவிடும். அதற்கு எச்சான்றும் பொறுப்பாகாது.

4. நீங்கள் விற்கும்போது

(அ) சோளத்தை ஈரப்பதன் நூற்றுக்கு 13 ஆகும் வரை உலர்த்துங்கள். வெறுந்தரையில் பரப்பாது, படங்கின் மேல் அல்லது சீமெந்துக் களத்தில் பரப்புங்கள்.

(ஆ) கருவி இல்லாதவர் உப்புச் சோதனை செய்யலாம். உலர்ந்த கண்ணாடிப் போத்தலில் மூன்றிலொரு பங்கு தானியமும், இரண்டு மூன்று மேசைக்கரண்டி உலர்ந்த உப்பும் இட்டு, ஒரு நிமிடம் குலுக்கிக் கால் மணி நேரம் வையுங்கள். போத்தலின் சுவரில் உப்பு ஒட்டிக்கொண்டால் ஈரம் நூற்றுக்கு 15 இற்கு மேல் உண்டு, மேலும் உலர்த்துக. உப்பு ஒட்டாவிடினும், நெடுநாள் வைக்கும் சோளத்தை இன்னும் ஒரு நாள் வெயிலில் இடுதல் நன்று.

(இ) மூடைகளைப் பலகைத் தட்டின் மேல், சுவரிலிருந்து விலக்கி அடுக்குங்கள். யூரியா, பீடைநாசினி ஆகியவற்றை அக்களஞ்சியத்தில் வைக்காதீர்கள். அவை இருந்த சாக்குகளில் தீனை ஒருபோதும் நிரப்பாதீர்கள். ஏற்றவரும் லொறியின் தட்டையும் பார்த்துக் கூட்டுவியுங்கள்.

(ஈ) மருந்தூட்டி நிறமிட்ட விதைத் தானியம் மிஞ்சினால் அதைத் தீனாக விற்கவோ கொடுக்கவோ கூடாது.

(உ) மரக்கறிக்கு மருந்து தெளித்தபின், அறுவடைக்கு முன் காத்திருக்குமாறு சிட்டையிற் குறித்த நாட்கள் கழிவதற்குள் அதன் இலையை மாட்டுக்கு இடாதீர்கள்.

(ஊ) கெட்ட தானியத்தை நல்லதுடன் கலக்காதீர்கள். ஒரு மூடையின் நட்டத்தைத் தவிர்க்க எண்ணி, பத்து மூடையையும் கெடுத்தவராவீர்கள். அதைக் கால்நடை எட்டாத இடத்திற் புதைத்துவிடுங்கள்.

5. நீங்கள் வாங்கும்போது

சிட்டை இல்லாத மூடையையும், தையல் பிரிந்து மீண்டும் தைத்த மூடையையும் தவிருங்கள். செய்தவரின் பெயர், உற்பத்தித் திகதி, தொகுதி இலக்கம் ஆகியவற்றைப் பாருங்கள். உதிரியாகத் தவிடு வாங்கினால், ஒரு பிடியை நீரிலிட்டுப் பாருங்கள். கலந்த உமி மிதக்கும். மணல் அடியில் தங்கும். தவிடு விரைவில் காறிப்போகும் ஆதலால், சில நாட்களுக்கு வேண்டியதை மாத்திரம் வாங்குதல் நன்று. புதிய மூடை ஒவ்வொன்றிலும் ஒரு கையளவை எடுத்து, திகதி எழுதிக் கட்டி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். பின்னர் ஐயம் எழுந்தால் அதுவே உங்கள் சாட்சி.

பசு தீன் மறுத்தாலோ, கோழி முட்டை குறைந்தாலோ அத்தீனை உடனே நிறுத்தி, மூடையையும் சிட்டையையும் எறிந்துவிடாமல், கால்நடை வைத்தியருக்கு அறிவியுங்கள். நஞ்சுள்ள தீனை நிறுத்திய சில நாட்களில் பால் தூய்மையடையும். அதுவரை அப்பாலை விற்கவும் வேண்டாம். வீட்டில் பாவிக்கவும் வேண்டாம்.

6. ஒரு குறிப்புப் புத்தகம்

இவற்றுக்கெல்லாம் ஆகும் செலவு சொற்பமே. ஓர் அப்பியாசக் கொப்பியை எடுங்கள். ஒரு பக்கத்தில் விற்றவற்றை எழுதுங்கள்: எந்த வயல், தெளித்த மருந்து, தெளித்த நாள், உலர்த்திய நாட்கள், வாங்கியவர், நிறை. மறு பக்கத்தில் வாங்கியவற்றை எழுதுங்கள்: தீனின் பெயர், தொகுதி இலக்கம், கடை, மூடை திறந்த நாள். தனி ஒருவர் தமது சிறு விளைவுக்குச் சான்று பெறுதல் அரிது. ஆனால் ஒரு கமக்கார அமைப்பின் அங்கத்தவர் எல்லாரும் இவ்வாறு எழுதி, ஒரே ஒழுங்கில் உலர்த்திக் களஞ்சியப்படுத்தினால், தீன் ஆலையிடம் சென்று நல்ல சோளத்துக்கு நல்ல விலை கேட்பதற்கு அவர்களிடம் ஆதாரம் இருக்கும்.

ஆலையின் சான்று, வியாபாரியின் சொல்லை நம்பி நிற்கின்றது. வியாபாரியின் சொல், உங்கள் களத்தில் காய்ந்த தானியத்தை நம்பி நிற்கின்றது. களத்தில் நேர்மை இல்லையாயின், மேலே இடப்படும் முத்திரை யாவும் வீணே. அடுத்த முறை பூஞ்சணம் பிடித்த மூடையைக் கையில் எடுக்கும்போது, அதை எந்த மாட்டுக்குப் போடலாம் என்று எண்ணாதீர்கள். அம்மாட்டின் பாலை யார் குடிப்பார் என்று எண்ணுங்கள்.

மேலும் ஐயம் உளதாயின் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அல்லது அரச கால்நடை வைத்தியரை நாடுங்கள்.