'இல்லை' என்ற பதிலைத் தேடிப் போங்கள்

கொல்கத்தா கிடர்பூரில் ஒரு ஷிப்பிங் ஏஜென்சி. வேலைக்குப் புதிதாக ஒரு பையன் சேருகிறான் என்று வைத்துக்கொள்வோம். "கப்பல் எந்த நேரத்துக்கு உள்ளே வரும்னு நீயே பார்த்துக் கத்துக்கோப்பா" என்கிறார் மேலாளர். திங்கட்கிழமை நண்பகல் 12 மணிக்கு ஒரு கப்பல் லாக் கேட்டுக்குள் நுழைகிறது. செவ்வாய் 12.50. புதன் 1.40. வியாழன் 2.30. வெள்ளி 3.20. பையன் நோட்டில் எழுதிவிட்டான்: 'கப்பல் பிற்பகலில்தான் வரும்.'

ஐந்து நாளும் அதற்குப் பொருந்தின. ஆனால் விதி தவறு.

1892இல் திறக்கப்பட்ட கிடர்பூர் டாக், கடலிலிருந்து வெகு உள்ளே, ஹூக்ளி ஆற்றங்கரையில் இருக்கிறது. ஆழம் குறைந்த அந்த ஆற்றில் பெரிய கப்பல்கள் ஓதம் ஏறும் நேரம் பார்த்துத்தான் வர வேண்டும். ஓதம் கடிகாரத்தைப் பார்க்காது, நிலவைப் பார்க்கும். ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறும். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். பையன் ஒரே ஒரு இரவு, நள்ளிரவு தாண்டி ஆற்றைப் போய்ப் பார்த்திருந்தால் போதும். அப்போதும் தண்ணீர் ஏறியிருப்பதைக் கண்டு, 'பிற்பகல்' என்பதை அவனே அடித்திருப்பான். ஐந்து 'ஆமாம்' சொல்லித் தராததை ஒரு 'இல்லை' சொல்லித் தந்திருக்கும்.

வேலையில் சேர்ந்த முதல் ஆறு மாதம் நாம் எல்லோரும் இந்தப் பையன்தான். மேலாளருக்கு எது பிடிக்கும், எந்த பில் சீக்கிரம் பாஸாகும், யாருக்குப் பதவி உயர்வு கிடைக்கும் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. ஊகித்துத்தான் பிழைக்கிறோம். அந்த ஊகத்தைச் சரியாகச் செய்வதும் ஒரு திறமை. அதைப் பழகிக்கொள்ளலாம்.

2, 4, 6

1960இல் பிரிட்டிஷ் உளவியலாளர் பீட்டர் வேசன் ஓர் ஆட்டம் வைத்தார். '2, 4, 6 என்ற வரிசை என் மனதில் உள்ள ஒரு விதிக்குப் பொருந்தும். நீங்களும் மூன்று மூன்று எண்களாகச் சொல்லுங்கள்; பொருந்துகிறதா இல்லையா என்று சொல்கிறேன். நிச்சயமாகத் தெரிந்த பிறகு விதியைச் சொல்லுங்கள்.' பெரும்பாலோர் 8, 10, 12 என்றார்கள். பொருந்தியது. 20, 22, 24. அதுவும் பொருந்தியது. 'இரண்டிரண்டாகக் கூடும் எண்கள்' என்று அடித்துச் சொன்னார்கள். தவறு. வேசன் மனதில் இருந்த விதி, 'ஏறுவரிசையில் மூன்று எண்கள்', அவ்வளவுதான். 1, 7, 50 என்று கேட்டிருந்தால் தங்கள் ஊகம் குறுகியது என்று தெரிந்திருக்கும். 6, 4, 2 என்று கேட்டிருந்தால் விதியின் எல்லையே தெரிந்திருக்கும். கலந்துகொண்ட 29 பேரில், முதல் அறிவிப்பிலேயே சரியாகச் சொன்னவர்கள் 6 பேர்தான்.

கிடர்பூர் பக்கத்திலேயே ஒரு பாடம்

கிடர்பூரிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம், எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனை. அன்றைக்கு அதன் பெயர் பிரசிடென்சி ஜெனரல். 1898இல் மருத்துவர் ரொனால்ட் ராஸ் மலேரியா ஆராய்ச்சியை முடித்தது இங்கேதான். தொடக்கத்தில் அவர் கையில் இருந்தது ஒரு தவறான விதி: கொசு செத்து விழுந்த தண்ணீரைக் குடித்தால் மலேரியா வரும். செகந்திராபாத்தில் அப்படிப்பட்ட தண்ணீரைக் குடித்த ஒருவருக்குக் காய்ச்சலும் வந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் விதி நிலைத்திருக்கும். ராஸ் இன்னும் பலருக்குக் கொடுத்துப் பார்த்தார். பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊகம் விழுந்தது.

பிறகு கொல்கத்தாவில், கொசுவுக்குக் கிருமி கடிக்கும்போதுதான் வருகிறதா என்று பார்க்க, அவர் பறவை மலேரியாவைக் கையில் எடுத்தார். நோயுள்ள குருவிகளைக் கடித்த கொசுக்களை மட்டும் அவர் அறுத்துப் பார்க்கவில்லை. நோயில்லாத குருவியைக் கடித்த கொசுக்களையும் அறுத்துப் பார்த்தார். அவற்றில் கிருமி இல்லை. அந்த 'இல்லை'தான் மற்ற 'ஆமாம்'களுக்குப் பொருள் கொடுத்தது. 1902இல் நோபல் பரிசு வந்தது.

வேலையில் இப்படிச் செய்யுங்கள்

1. ஊகத்தை ஒரு வரியில் எழுதுங்கள். 'சாருக்குச் சின்ன மெயில்தான் பிடிக்கும்' என்று. எழுதாத ஊகம், தோற்கும்போதெல்லாம் உருமாறித் தப்பித்துவிடும்.

2. அதை உடைக்கக்கூடிய சோதனை ஒன்றைச் செய்யுங்கள். சின்ன மெயிலாகவே அனுப்பிக்கொண்டிருந்தால் உண்மை தெரியாது. ஒருமுறை முதல் வரியில் முடிவைச் சொல்லி, கீழே முழு விவரத்தையும் கொடுங்கள். உடனே பதில் வந்தால், நீளம் அவருக்குப் பெரிதல்ல; முதல் வரியைத்தான் பார்க்கிறார் போலும்.

3. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ரெஸ்யூமில் படம், தலைப்பு, வரிசை மூன்றையும் மாற்றிய பிறகு நேர்காணலுக்கு அழைப்பு வந்தால், எதனால் வந்தது என்று சொல்ல முடியாது.

4. தற்செயலுக்கும் இடம் விடுங்கள். சுங்கத்துறையின் ரிஸ்க் மேனேஜ்மென்ட் முறை, சரக்குகளில் சிலவற்றைக் குலுக்கல் போலவும் சோதனைக்கு எடுக்கும். ஒரு கன்டெய்னர் நின்றதும், 'இந்த நாளில் அனுப்பினால் இப்படித்தான்' என்று விதி எழுதிவிடாதீர்கள்.

5. விதி ஏற்கெனவே அச்சில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஹூக்ளி ஆற்றுக்கு ஆண்டுதோறும் ஓத அட்டவணை வெளிவருகிறது. நம் பையன் அதைக் கேட்டு வாங்கியிருந்தால் ஐந்து நாள் மிச்சம். கையேடு, சர்குலர், பழைய கோப்பு, பக்கத்து மேசை அக்கா: முதலில் இவற்றைக் கேளுங்கள், பிறகு ஊகியுங்கள்.

ஒரு எச்சரிக்கை: பாதுகாப்பு, பணம், சட்டம் ஆகிய மூன்றிலும் இந்தச் சோதனை வேண்டாம். கிரேன் தூக்கும் சுமையின் எல்லையை உடைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது.

பழகுவதற்கு ஓர் ஆட்டம்

ராபர்ட் அபாட் 1956இல் உருவாக்கிய 'எலூசிஸ்' என்ற சீட்டாட்டத்தை மதிய உணவு இடைவேளையில் எளிமையாக்கி ஆடலாம். ஒருவர் ஒரு விதியை எழுதி மடித்து வைப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு சீட்டாகப் போடுவார்கள். பொருந்தினால் சீட்டு வரிசையில் சேரும், பொருந்தாவிட்டால் வரிசைக்குக் கீழே போகும். சிவப்பு 3, கறுப்பு 8, சிவப்பு 5 என்று வரிசை போகிறது. 'நிறம் மாறி மாறி' என்று தோன்றும். ஒற்றை, இரட்டை என்றும் இருக்கலாமே? அடுத்து கறுப்பு 10 போடுபவருக்கு ஒன்றும் தெரியாது. சிவப்பு 10 போடுபவருக்கு இரண்டில் ஒன்று கழிந்துவிடும். வரிசைக்குக் கீழே கிடக்கும் சீட்டுகளைப் படிக்கத் தெரிந்தவரே பெரும்பாலும் ஜெயிப்பார்.

நேர்காணலில் 2, 4, 6 போன்ற புதிர் போட்டால் பதிலுக்கு அவசரப்படாதீர்கள். "என் ஊகம் இது. அது தவறா என்று பார்க்க இந்த எண்களைக் கேட்கிறேன்" என்று சொல்லுங்கள். கேட்பவர் கவனிப்பது அதைத்தான்.

இந்த வாரம் உங்கள் அலுவலகத்தைப் பற்றி நீங்கள் உறுதியாக நம்பும் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது பொய்யாக இருந்தால் என்ன நடக்கும் என்று எழுதுங்கள். பிறகு ஒரே ஒரு முறை சோதித்துப் பாருங்கள்.