வீட்டு முயலின் உணவும் வயிற்று நலமும்

சேத்துப்பட்டு, ஆரணி வட்டாரத்து அங்கத்தினர் இல்லங்களில் சிறுவர் விருப்பத்தின் பொருட்டு முயல் வளர்ப்போர் உளர். மாட்டுக்கும் ஆட்டுக்கும் தீனி வைக்கும் முறையைத் தலைமுறையாக அறிந்த நாம், முயலுக்கு மிச்சச் சோறும் பிஸ்கட்டும் வைத்து, அது ஆவலுடன் தின்பதைக் கண்டு மகிழ்கிறோம். நம் வீட்டிலும் அவ்வாறே செய்தோம். ஒரு காலை அது கூண்டின் மூலையில் குறுகிக் கிடந்தது, மறுநாள் இறந்தது. குழந்தையின் கேள்விக்கு விடை கூற இயலாது நின்ற பின்னரே இவ்விஷயத்தைக் கற்கலானோம்.

முயல் அசைபோடும் பிராணியன்று. ஆட்டுக்குத் தீனியைப் புளிக்கவைக்கும் பை வயிற்றின் முற்பகுதியில் உள்ளது. முயலுக்கோ சிறுகுடலுக்கு அப்பால் உள்ளது. குருட்டுக்குடல் எனப்படும் அப்பையில் வாழும் நுண்ணுயிர்களே புல்லின் சத்தைப் பிரித்தளிக்கின்றன. அங்கு உண்டாகும் மென்மையான புழுக்கைகளை முயல் தானே உண்ணும். அதனால் உயிர்ச்சத்தும் புரதமும் பெறுகிறது, அருவருத்துத் தடுத்தலாகாது. கூண்டடியில் நாம் காணும் உலர்ந்த உருண்டைகள் வேறு.

குடலை இயக்குவது நாரே. நார் குறைந்து மாவும் சர்க்கரையும் மிகுந்தால், நல்ல நுண்ணுயிர்கள் குன்றி நச்சுக் கிருமிகள் பெருகும். மேனியை நக்கும்போது விழுங்கிய ரோமமும் வயிற்றில் திரண்டு நிற்கும். முயலால் வாந்தி எடுக்கவும் இயலாது. பற்களோ வாழ்நாள் முழுதும் வளர்வன. புல்லை அரைத்தால்தான் தேயும்.

ஆகவே உணவில் பெரும்பகுதி புல்லாகவே இருத்தல் வேண்டும். அருகு, கொழுக்கட்டைப்புல் முதலியவற்றை உலர்த்தி எந்நேரமும் கூண்டில் வைக்க. மல்பெரி இலையும் முருங்கைக்கீரையும் அளவோடு தரலாம். மருந்து தெளித்த தோட்டத்து இலையும், பூசணம் பிடித்த மணிலாக்கொடியும் கூடா. அடர்தீவனம் கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 கிராமுக்கு மிகலாகாது. காரட்டும் பழமும் சிறு துண்டே போதும். சோறு, ரொட்டி, பிஸ்கட் அறவே வேண்டா. புதிய தீனியை ஒரு வார காலத்தில் சிறிது சிறிதாகவே பழக்குக. கழிவு நூல் எட்டும் இடத்தில் முயலை விடற்க. விழுங்கிய நூல் குடலை அடைக்கும்.

கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூரில், 1965-இல் நிறுவப்பட்ட மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையத்தில் முயல்களையும் வளர்த்து ஆராய்கின்றனர். அது குளிர்ந்த இடம். நம் ஊரின் சித்திரை வெயிலில் முயல் இரை குறைத்து வாடும். அப்போது நிழலும் காற்றும் தண்ணீரும் இருமடங்கு கவனத்துக்குரியன.

பன்னிரண்டு மணி நேரம் தின்னாமலும் புழுக்கையிடாமலும் இருந்தால் உயிருக்கே ஆபத்து. தாமதியாது கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்க. ஆட்டுக்கு வாங்கிய மருந்தைத் தாமாகப் புகட்டற்க. பென்சிலின் இன மருந்துகளை வாய்வழி கொடுப்பின், குடலின் நுண்ணுயிர்கள் அழிந்து முயல் மடியக்கூடும்.

ஊடை நின்றால் தறி நிற்கும். புல் நின்றால் முயலின் குடல் நிற்கும். நாள்தோறும் தறியில் அமருமுன் கூண்டடியை ஒருமுறை நோக்குக. வாயில்லா ஜீவன் தன் நோவைத் தெரிவிக்கும் இடம் அதுவே.