உடல் சொல்லாததை அளவு சொல்லும்

நுழையும்முன்

காய்ச்சல் வந்தால் உடல் சுடும். காயம் பட்டால் வலிக்கும். இவை உடல் நம்மிடம் பேசும் மொழி. ஆனால், சில மாற்றங்கள் வலியோ சோர்வோ இன்றி இளமையிலேயே தொடங்கி, பல்லாண்டுகள் கழித்து நீரிழிவாகவும் மாரடைப்பாகவும் வெளிப்படுகின்றன. உடல் வாய்திறக்காத அக்காலத்தில் அதன் நிலையை அறிய ஓர் அளவுநாடாவும் இரத்த அழுத்தமானியும் சிறிதளவு குருதியும் போதும். வருமுன் அறியும் அவ்வழியை விளக்குகிறது இப்பாடம்.

இருவர், ஓர் எண்

2004ஆம் ஆண்டு ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழில் ஒரு நிழற்படம் வெளிவந்தது. அதில் இரு மருத்துவ அறிஞர்கள் அருகருகே நின்றனர். ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாக்னிக். மற்றவர் இலண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடல் நிறைக் குறியீட்டெண் இருவருக்கும் 22.3 ஆகவே இருந்தது. ஆயினும், உடலிலுள்ள கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 விழுக்காடும் யாக்னிக்குக்கு 21.2 விழுக்காடும் இருப்பது தெரியவந்தது.

எடைப்பொறி ஒன்றாகக் கண்ட இருவரை உள்ளிருந்த கொழுப்பு வேறுபடுத்திவிட்டது. தெற்காசிய மக்களில் பலர் தோற்றத்தில் மெலிந்தும், வயிற்றுப் பகுதியில் கொழுப்பு மிகுந்தும் காணப்படுகின்றனர். ஆகவே, “எனக்குத்தான் பருமன் இல்லையே” என்று ஓர் இளைஞர் எண்ணி அமைதி கொள்வது எப்போதும் சரியாகாது.

ஐந்து அளவுகள்

உண்ட உணவு உடலில் ஆற்றலாக மாறுவதும், எஞ்சியது சேமிக்கப்படுவதும் வளர்சிதைமாற்றம் எனப்படும். குருதியிலுள்ள சர்க்கரை உயிரணுக்களுக்குள் புகுவதற்குத் துணைநிற்பது கணையம் சுரக்கும் இன்சுலின். வயிற்றின் உள்ளுறுப்புகளைச் சுற்றிக் கொழுப்பு சேரும்போது உயிரணுக்கள் இன்சுலினின் அழைப்புக்கு எளிதில் செவிசாய்ப்பதில்லை. அதை ஈடுசெய்யக் கணையம் மேலும் மேலும் சுரக்கிறது. அதனால் சர்க்கரை அளவு சில ஆண்டுகளுக்கு இயல்பாகவே தோன்றும். அதற்குள் குருதியழுத்தமும் கொழுப்பின் அளவுகளும் மாறத் தொடங்கிவிடும். கணையம் களைத்துப்போகும் நாளில்தான் நீரிழிவு வெளிப்படுகிறது.

இம்மாற்றங்கள் தனித்தனியே வராமல் கூட்டாக வருவதை, 1988ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவ அறிஞர் ஜெரால்டு ரீவன் தம் பேருரையில் எடுத்துரைத்தார். இன்று அக்கூட்டு ‘வளர்சிதைமாற்ற நோய்க்குறித் தொகுப்பு’ எனப்படுகிறது. 2009இல் பன்னாட்டு மருத்துவ அமைப்புகள் இணைந்து அதற்கு ஐந்து அளவுகளை வரையறுத்தன. அவை, தெற்காசியர்க்கு உரிய வகையில் பின்வருமாறு அமையும்:

1. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. அல்லது அதற்கு மேல்.
2. குருதியழுத்தம் 130/85 அல்லது அதற்கு மேல் (இரண்டில் ஓர் எண் மிகுந்தாலும் கணக்கில் சேரும்).
3. வெறும்வயிற்றில் குருதிச் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு 100 மி.கி. அல்லது அதற்கு மேல்.
4. டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு 150 மி.கி. அல்லது அதற்கு மேல்.
5. ‘நல்ல கொழுப்பு’ ஆண்களுக்கு 40 மி.கி.க்கும் பெண்களுக்கு 50 மி.கி.க்கும் கீழ்.

இவ்வைந்தில் மூன்று பொருந்தினால் அத்தொகுப்பு இருப்பதாகக் கொள்வர். 16 வயதைக் கடந்தோர்க்குப் பெரியவர்களுக்குரிய அளவுகளையே பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பும் பரிந்துரைக்கிறது.

தெரிந்து தெளிவோம்

இடுப்பை அளக்கும் முறை: நிமிர்ந்து நிற்க வேண்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் நாடாவைக் கிடைமட்டமாகச் சுற்ற வேண்டும். வயிற்றை உள்ளிழுக்காமல், இயல்பாக மூச்சை வெளிவிட்ட நிலையில் அளக்க வேண்டும். காற்சட்டையின் அளவு இடுப்புச் சுற்றளவு ஆகாது.

இளமையில் ஏன் அறிய வேண்டும்?

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பொகலூசா என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு 1973இல் ஜெரால்டு பெரன்சன் என்னும் மருத்துவர் குழந்தைகளின் இதயநலம் பற்றிய நெடுங்கால ஆய்வைத் தொடங்கினார். விபத்து முதலியவற்றால் இளவயதில் இறந்தோரின் குருதிக்குழாய்களை ஆராய்ந்தபோது, பதின்பருவத்தினரிடத்தும் கொழுப்புப் படிவுகள் காணப்பட்டன. வாழ்ந்த காலத்தில் எடை, குருதியழுத்தம், கொழுப்பு முதலிய இடர்க்காரணிகள் எத்தனை கூடியிருந்தனவோ அத்தனைக்குப் படிவுகளும் பரந்திருந்தன. முதுமையில் வரும் நோயின் முதல் வரி இளமையிலேயே எழுதப்படுகிறது என்பதை அவ்வாய்வு உணர்த்தியது.

இந்தியாவில் 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, 10.1 கோடிப் பேர் நீரிழிவுடனும் 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையிலும் வாழ்வதாக மதிப்பிட்டது. ஆனால், தொற்றாநோய்களுக்கான தேசிய மக்கள்திரள் பரிசோதனை 30 வயது நிறைந்தோரை நோக்கியே வகுக்கப்பட்டது. பள்ளியை விட்டு வெளியேறும் வயதுக்கும் அவ்வயதுக்கும் இடையே ஏறத்தாழ 12 ஆண்டுகள் உள்ளன. விடுதி உணவும் இரவுப்பணியும் உறக்கக் குறைவும் வாழ்வில் நுழைவது அவ்வாண்டுகளில்தான். அக்காலத்தில் தம் அளவுகளைத் தாமே கேட்டறியும் விழிப்பு இளையோர்க்குத் தேவை.

சல்லடையும் தீர்ப்பும்

முன்னறி பரிசோதனை வேறு, நோயறிதல் வேறு. சல்லடை தானியத்தையும் கல்லையும் பிரித்துக் காட்டுவதுபோல், மேலும் ஆராயப்பட வேண்டியவர் யார் என்பதை மட்டுமே முன்னறி பரிசோதனை காட்டும். அதுவே தீர்ப்பு ஆகாது. ஒருமுறை மிகுந்து காட்டிய அளவை மருத்துவர் மீண்டும் ஆய்ந்தே உறுதிசெய்வார்.

குருதி எடுக்காமலேயே நீரிழிவு இடரைக் கணிக்கும் ஓர் எளிய சல்லடையைச் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தினர் 2005இல் வெளியிட்டனர். அது ‘இந்திய நீரிழிவு இடர் மதிப்பெண்’ எனப்படுகிறது. வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோரின் நீரிழிவு ஆகிய நான்கே அதன் கூறுகள். உச்ச மதிப்பெண் 100. 60ஐத் தொட்டால் இடர் மிகுதி.

20 வயது இளைஞர் ஒருவரைக் கற்பனை செய்வோம். 35 வயதுக்குக் குறைந்தவராதலால் வயதுக்கு அவர் பெறும் மதிப்பெண் சுழியம். தாய், தந்தை இருவர்க்கும் நீரிழிவு உண்டு, அதற்கு 20. உடற்பயிற்சியும் இல்லை, உடலுழைப்பும் இல்லை, அதற்கு 30. இடுப்புச் சுற்றளவு 92 செ.மீ.; அதற்கு 10. கூட்டினால் 60. இளமை என்னும் சலுகை முழுதும் கிடைத்தும் அவர் மிகுஇடர் வரிசையில் நிற்கிறார். எனினும், அவரால் மாற்றவியலாதது பெற்றோர்வழி வந்த 20 மட்டுமே. எஞ்சிய 40 அவர் கையில் உள்ளது. முன்னறிதலின் பயன் இதுவே: மாற்றக்கூடியதை மாற்றக்கூடிய காலத்தில் அது காட்டித் தருகிறது.

உடலே காட்டும் குறிப்பும் ஒன்றுண்டு. சிலர்க்குக் கழுத்தின் பின்புறமும் அக்குளும் தடித்துக் கறுக்கும். அதனை அழுக்கென்று கருதித் தேய்ப்போர் பலர். அது இன்சுலினுக்கு உடல் இணங்காததன் அடையாளமாக இருக்கலாம். அவர்கள் மருத்துவரை நாடுதல் வேண்டும்.

மீளும் வழி

அறிந்தபின் செய்வதற்கு வழி இல்லையெனில் அறிதலால் அச்சமே மிஞ்சும். இங்கு வழி உண்டு. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடைபெற்ற நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நீரிழிவுக்கு முந்தைய நிலையிலிருந்த 531 பேர் பங்கேற்றனர். அதன் முடிவுகள் 2006இல் வெளிவந்தன. உணவையும் உடலியக்கத்தையும் சீர்செய்தவர்களிடம் மூன்றாண்டுகளில் நீரிழிவு தோன்றும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்திருந்தது. நடுவயதினர்க்கே இவ்வளவு பயன் விளைந்ததெனில், இளையோர் அதற்கு முன்னரே விழித்துக்கொள்வதன் பயனை எண்ணிப் பார்க்கலாம்.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தில் பெரும்பாலான குறட்பாக்கள் உணவின் அளவையும் காலத்தையும் பற்றியே பேசுவது கருதத்தக்கது. தட்டில் சோற்றின் பங்கு சற்றுக் குறைந்து காய்கறியும் பயறும் கூடுதல், இனிப்புக் குளிர்பானத்துக்கு மாறாக நீரும் மோரும் அருந்துதல், போதிய உறக்கம், புகையிலையை அண்டாமை ஆகியன எவர்க்கும் இயல்வன. 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக ஒரு மணிநேரமாவது உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். விளையாட்டுப் பாடவேளையைப் பிற பாடங்களுக்கு ஈந்துவிடும் பள்ளி, மாணவர் நலத்தையும் சேர்த்தே ஈந்துவிடுகிறது.

அளவு இகழ்ச்சிக்கு அன்று

ஓர் எண்ணைக் கொண்டு ஒருவரை எள்ளுவது அறியாமை. பருமனாயிருப்பது ஒழுக்கக்கேடும் அன்று. மெலிந்திருப்பது நலத்திற்குச் சான்றும் அன்று. கேலிக்கு அஞ்சுபவர் பரிசோதனைக்கே வரமாட்டார். எடையைக் குறைக்கும் ஆர்வத்தில் உணவைத் துறப்பதும் விளம்பர மருந்துகளை நாடுவதும் வளரும் உடலுக்குத் தீங்கு செய்யும். எனவே, பரிசோதனை தனிமையில் நடத்தப்படவும், முடிவு உரியவரிடம் பரிவோடு சொல்லப்படவும் வேண்டும்.

கடலோடி காற்றின் போக்கை முன்னறிவது கரையிலேயே முடங்குவதற்காக அன்று. பாயைத் திருப்பிப் பயணத்தைத் தொடர்வதற்காகவே. இளமையில் தன் உடலின் அளவுகளை அறிந்துகொள்வதும் அத்தகையதே.

கற்பவை கற்றபின்...

1. பாடத்தில் கூறப்பட்ட 20 வயது இளைஞர் ஆறு மாதங்களில் பின்பற்றத்தக்க வாழ்க்கைமுறைத் திட்டம் ஒன்றைக் குழுவாக உருவாக்குக.
2. ‘மெலிந்த உடலே நலமான உடல்’ என்னும் கருத்தை மறுத்து வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.
3. உமது ஊரின் அரசு ஆரம்பச் சுகாதார நிலையத்தில் செய்யப்படும் தொற்றாநோய்ப் பரிசோதனைகளைக் கேட்டறிந்து தொகுத்து எழுதுக.